தலைக்குள் ஓடும் வாய்க்கால்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கடைப் பலகைகளில் மலையாளம் வந்துவிடும். பேச்சில் தமிழ் போகாது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி, ஒழலப்பதி என்று எல்லையோரம் நெடுகத் தென்னந்தோப்பும் கொங்குத் தமிழும்தான். இங்கே தோட்டம் வைத்திருக்கும் யாரிடமும் தண்ணீரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்குத் தர வேண்டும் என்ற பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தக் கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். மூலத்தறையில் என்றைக்கு ஷட்டர் தூக்கினார்கள், கடைமடைக்குத் தண்ணீர் வர எத்தனை நாள் ஆகும், எந்த மடை கசியும் என்று அடுக்கிவிடுவார்கள்.

அப்படி ஒரு வாய்க்கால் முடக்கில் இரண்டு பெரியவர்களோடு நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் வந்து இரண்டாவது நாள். கரை எங்கே உடைக்கும் என்பதுதான் பேச்சு.

“ஏனுங்க, தண்ணி வந்து மோதுற எடத்தைப் பாருங்க. வேகமா வந்து அடிக்குது. அங்கதான் அரிக்கும்” என்றார் ஒருவர்.

மற்றவர் தலையாட்டவில்லை. “மோதுற எடம் கல்லாட்டம் நிக்குமுங்க. அதுக்குக் கொஞ்சம் தள்ளி, தண்ணி நகராம சுத்திச் சுத்தி நிக்குது பாருங்க, அந்த எடந்தான் ஊறி ஊறிப் பொதபொதன்னு போயிரும். பொத்துக்கிட்டா அங்கதான்.”

இருவருக்கும் எழுபது வயதுக்கு மேல். இருவரும் இதே வாய்க்காலைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறார்கள். ஆனாலும் ஒத்துப்போகவில்லை. நான் சிரிக்கவில்லை. ஏனென்றால், கிட்டத்தட்ட இதே வழக்கை, இதே இரண்டு கட்சிகளாகப் பிரிந்து, உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் இருபது வருடமாக வாதாடிக்கொண்டிருக்கின்றன. அங்கே வாய்க்கால் மூன்று மில்லிமீட்டர் அகலம். ஓடுவது ரத்தம். கரை உடைந்தால் போவது உயிர்.

எனக்கு அந்த வழக்கில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் அத்தை.

*

அத்தைக்கு 58 வயது. ஓயாத தலைவலி என்று கோயம்புத்தூரில் படம் எடுத்தார்கள். தலைவலிக்கு அந்தப் படத்தில் காரணம் கிடைக்கவில்லை. தேடாத ஒன்று கிடைத்தது. மூளையின் நடுத் தமனி இரண்டாகக் கிளை பிரியும் இடத்தில், ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு புடைப்பு. மருத்துவர்கள் இதை அனியூரிசம் என்பார்கள். பழைய சைக்கிள் டியூப்பில் காற்றடித்தால் ஓரிடம் மட்டும் பம்மிக்கொண்டு நிற்குமே, அப்படி.

பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேர் தலையில் இப்படி ஒன்று இருக்கிறது. பெரும்பாலானோர் அது இருப்பது தெரியாமலே வாழ்ந்து, வேறு எதனாலோ போய்ச் சேர்கிறார்கள். சிலருக்கு மட்டும் ஒரு நாள் வெடிக்கிறது. வெடித்தால் மூன்றில் ஒருவராவது பிழைப்பதில்லை. பிழைத்தவர்களில் பலர் பழையபடி எழுந்து நடமாடுவதில்லை. முன்கூட்டியே அடைக்கலாம் என்றால் அந்தச் சிகிச்சைக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு. சும்மா விட்டால் ஒரு பயம், கை வைத்தால் இன்னொரு பயம்.

“ஏஞ்சாமி, அது வெடிக்குமா, வெடிக்காதா? அதை மட்டும் கேட்டுச் சொல்லு” என்றார் அத்தை.

மருத்துவர் நல்லவர், பொறுமையாக விளக்கினார். அளவு, இடம், வயது, ரத்த அழுத்தம், முன்பு மூளையில் கசிவு ஏற்பட்டதா என்பவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போட்டுக் கூட்டும் ஓர் அட்டவணை இருக்கிறது. ஃபேசஸ் என்று பெயர். ஆறு ஆய்வுகளில் இருந்த 8,382 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2014-ல் வெளியிட்டார்கள். உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் எந்த இனத்தவர் என்பதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு. வட அமெரிக்கர், ஐரோப்பியர் ஒரு கட்டம். ஜப்பானியர் ஒரு கட்டம். ஃபின்லாந்துக்காரர் ஒரு கட்டம். கட்டங்கள் அவ்வளவுதான். என் அத்தையை உட்கார வைக்க அதில் இடமில்லை.

இந்தக் கட்டுரையை எழுத என்னை உட்கார வைத்தது அந்த இல்லாத கட்டம்தான். ஊர் உலகத்தின் சராசரியை வைத்து அத்தையின் தலையைக் கணிக்காமல், அத்தையின் தலைக்குள் ஓடும் ரத்தத்தையே கணக்குப் போட்டுப் பார்க்க வழி இருக்கிறதா? இருக்கிறது. ஸ்கேன் படத்தை வைத்து அவருடைய குழாய்களைக் கணினிக்குள் அப்படியே வார்த்து, அதில் ரத்தத்தை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள்.

வளையம் போட்ட குழாய்கள்

மூளை உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு அது கேட்கும். நிமிடத்துக்கு முக்கால் லிட்டர். கழுத்தின் முன்புறம் இரண்டு, பின்புறம் முதுகெலும்பை ஒட்டி இரண்டு என நான்கு குழாய்கள் அதைக் கொண்டுபோகின்றன. மண்டையோட்டின் அடியில் நான்கும் ஒரு வளையத்தில் கூடுகின்றன. 1664-ல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் தன் நூலில் இதைத் தெளிவாக விளக்கினார். லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்தான் அவருக்குப் படம் வரைந்து கொடுத்தவர். கழுத்துக் குழாய்களில் ஒன்று முழுக்க அடைபட்டிருந்தும் பக்கவாதம் வராமலே வாழ்ந்து முடித்த ஒருவரின் உடலை வில்லிஸ் அறுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு வாய்க்கால் அடைத்தால் வளையம் வழியாக இன்னொன்று பாய்ச்சும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் அந்த வளையம் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல முழுசாக அமைந்திருப்பது மனிதர்களில் பாதிப் பேருக்குக்கூட இல்லை. ஒருவருக்குப் பின்புற இணைப்பு நூல்போல இருக்கும், இன்னொருவருக்கு இருக்கவே இருக்காது. முகம் வேறுபடுவதுபோலத் தலைக்குள்ளும் ஒருவர் வாய்க்கால் இன்னொருவருக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே அடைப்பு வந்து ஒன்றும் ஆகவில்லையே என்று ஆறுதல் சொல்வதில் பொருளில்லாமல் போவது இதனால்தான்.

ஓட்டத்தின் கணக்கைத் தொடங்கிவைத்ததும் ஒரு மருத்துவர்தான். பிரான்சின் ழான் பொய்சுய், 1830-களின் கடைசியில் தலைமுடி போன்ற கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு அளந்தார். அகலத்தின் நான்காம் அடுக்கை ஒட்டி ஓட்டம் மாறும் என்று கண்டார். அழுத்தம் அதேதான் என்றால், குழாய் பாதியாகக் குறுகினால் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும். இந்த நான்காம் அடுக்கை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் நடுவில் இது வந்து நம் காலை வாரும்.

நேர்க்குழாய்க்கும் சீரான ஓட்டத்துக்கும் பொய்சுய் போதும். மூளைத் தமனியோ பாம்புபோல வளைகிறது, கிளைக்கிறது, இதயத் துடிப்போடு சேர்ந்து முட்டி முட்டி ஓடுகிறது. அதற்கு நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் வேண்டும். 1822-ல் நேவியரும் 1845-ல் ஸ்டோக்ஸும் எழுதிவைத்தவை. விமான இறக்கைமீது காற்று ஓடுவதையும், மதகில் தண்ணீர் பாய்வதையும், அத்தையின் தலையில் ரத்தம் ஓடுவதையும் சொல்வது இதே சமன்பாடுதான். காகிதத்தில் தீர்க்க முடியாது. கணினிதான் வழி.

உயிரோடு இருப்பவரின் மூளைத் தமனிகளைப் பார்க்க 1927 வரை வழியே இல்லை. அந்த வருடம் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி எக்ஸ்-ரே எடுத்தார். 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னையில் பி.ராமமூர்த்தியும் நம் பக்கத்தில் மூளை அறுவை சிகிச்சையைத் தொடங்கிய காலத்தில் இந்த நிழற்படம்தான் அவர்களுக்குக் கண். 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. தலையை அறுக்காமலே துண்டு துண்டாகப் பார்க்கலாம் என்றானது. இந்தத் துண்டுகளை அடுக்கினால் குழாய் கிடைக்கும் அல்லவா?

படத்திலிருந்து ஓட்டத்துக்கு

கையின் ரத்தக்குழாயில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, அது மூளைக்குப் போகும் நேரம் பார்த்து எடுப்பது சி.டி. ஆஞ்சியோ. உடம்பெல்லாம் ஒரு சூடு பரவும் என்பார் எடுத்துக்கொண்டவர். கணினிக்குக் கிடைப்பது அரை மில்லிமீட்டர் கனமுள்ள நூற்றுக்கணக்கான துண்டுப் படங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1,000, கெட்டி எலும்புக்கு ஆயிரத்தை ஒட்டி. மருந்து கலந்த ரத்தம் சில நூறுகளில் நிற்கும்.

முதல் வேலை, குழாயை மட்டும் பிரித்தெடுப்பது. இன்ன எண்ணுக்கு மேலிருந்தால் ரத்தம் என்று ஒரு கோடு போட வேண்டும். கழுத்துத் தமனி மண்டையோட்டின் அடியில் எலும்பைத் துளைத்துக்கொண்டு போகிற இடத்தில் எலும்பும் ரத்தமும் ஒரே வெள்ளையாகத் தெரியும். அங்கே கணினியை நம்ப முடியாது. ஓர் ஆள் உட்கார்ந்து துண்டுக்குத் துண்டு ஓரம் வரைய வேண்டும். பக்கத்தில் ஒட்டி ஓடும் இரண்டு குழாய்களைக் கணினி ஒன்றாக்கிவிடும், பிரித்துவிட வேண்டும். பூத்தொடுப்பதுபோலப் பொறுமை கேட்கும் வேலை.

கிடைத்த குழாயின் உட்புறத்தைக் கணினி பல லட்சம் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்ளும். இருபது லட்சம் துண்டு என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் ரத்தம் எந்தப் பக்கம் எவ்வளவு வேகம், அழுத்தம் எவ்வளவு என்று நான்கு எண்கள். மொத்தம் 80 லட்சம் எண்கள். ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 0.8 நொடி. அதை ஆயிரம் பங்காக்கி, ஒவ்வொரு பங்குக்கும் அந்த 80 லட்சத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கத்தில் வரும் தடுமாற்றம் அடங்க இரண்டு மூன்று துடிப்புகளை ஓட்டிவிட்டு, அடுத்த துடிப்பைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய சிம்வாஸ்குலர், பொறியியல் கல்லூரிகளில் புழங்கும் ஓபன்ஃபோம் என இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கடைசியில் திரையில் தெரிவது அழகான காட்சி. கழுத்துத் தமனியின் வளைவைத் தாண்டி ரத்தம் சுழன்றுகொண்டு வருகிறது. கிளை பிரியும் முனையில் மோதி இரண்டாகப் பிளக்கிறது. ஒரு கீற்று புடைப்பின் வாய்க்குள் நுழைந்து, உள்சுவரைத் தடவிக்கொண்டு சுற்றி, வெளியே வருகிறது. வேகமான இடம் சிவப்பு, மெதுவான இடம் நீலம். புடைப்பின் உச்சியில் நீலம் தேங்கி நிற்கிறது. அந்தப் பெரியவர் காட்டிய, தண்ணீர் சுற்றி நிற்கும் இடம்!

நான்காம் அடுக்கு இப்போது வந்து மறிக்கிறது. மூன்று மில்லிமீட்டர் தமனியின் அகலத்தை 0.3 மில்லிமீட்டர் குறைத்து வரைந்துவிட்டோம் என்று வையுங்கள். படத்தின் ஒரு புள்ளிக்கும் குறைவான பிழை அது. கண்ணுக்கே தெரியாது. பத்துச் சதவீதம்தானே என்று தோன்றும். பொய்சுய் கணக்கில் அதே அழுத்தத்துக்கு ஓட்டம் 34 சதவீதம் குறைந்துவிடும். ஓட்டத்தை மாற்றாமல் வைத்தால், சுவரில் ரத்தம் உரசும் விசை 37 சதவீதம் கூடிவிடும். குழாயின் ஓரத்தை வரைந்த கையின் சின்ன நடுக்கம், உயிர் போகும் கேள்விக்கான விடையை மாற்றிவிடும்.

இன்னொரு பிழை நம் ஊருக்கே உரியது. குழாய்க்குள் எவ்வளவு ரத்தம் நுழைகிறது என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் அளக்கலாம், நெற்றிப்பொட்டு வழியே டாப்ளர் வைத்தும் அளக்கலாம். ஆனால் பல ஆய்வுகள் ஆரோக்கியமானவர்களின் சராசரியைத்தான் போட்டுக்கொள்கின்றன. ரத்தம் எவ்வளவு கெட்டி என்பதற்கும் அப்படியே ஒரு புத்தக எண். ரத்தம் கெட்டியாக இருப்பது சிவப்பணுக்களால். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53, கேரளத்தில் 36. சோகை வந்த ரத்தம் நீர்த்து ஓடும். குறையை ஈடுகட்ட இதயம் கூடுதலாக இறைக்கும். தென்னந்தோப்பில் வேலை செய்து, கடைசியாக உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடும் ஒரு பெண்ணின் மூளையில் ஓடும் ரத்தத்தை, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஒருவரின் எண்ணைப் போட்டுக் கணக்கிடுவது எப்படிச் சரியாகும்? படம் அத்தையுடையது, ரத்தம் வேறு யாருடையதோ என்றாகிவிடும். ரத்தத்தின் கெட்டியையாவது திருத்தப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கும் சிவப்பணு எண்ணை எடுத்துப் போட்டால் போதும்.

மோதும் இடமா, தேங்கும் இடமா?

குழாய்ச் சுவரை ரத்தம் இரண்டு வகையில் தொடுகிறது. ஒன்று, வெளிப்புறமாகத் தள்ளும் அழுத்தம். 120 என்று நாம் சொல்லும் அந்த எண். மற்றது, ஓடும்போது சுவரை உரசும் விசை. இது முன்னதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் செல்கள் இந்தச் சின்ன உரசலுக்குத்தான் காது கொடுக்கின்றன. சீராக உரசினால் ஓட்டத்தின் திசையில் வரிசையாகப் படுத்துக்கொள்கின்றன. உரசல் கலைந்தால் வரிசை கலைந்து, அழற்சி தொடங்கி, சுவர் நைந்துபோகிறது.

2011-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ஹுவான் செப்ரால் குழு 210 அனியூரிசங்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, வெடித்தவற்றில் ரத்தம் ஒரு பீய்ச்சலாக நுழைந்து சிறு இடத்தில் மோதுகிறது, உரசல் உச்சத்தில் இருக்கிறது என்றது. பஃபலோவில் ஹுய் மெங் குழு 119 அனியூரிசங்களைப் பார்த்து, வெடித்தவற்றில் உரசல் குறைவு, ரத்தம் திசை மாறி மாறித் தேங்குகிறது என்றது. மோதும் இடம் என்கிறார் ஒருவர். தேங்கும் இடம் என்கிறார் மற்றவர். கோபாலபுரத்து வாய்க்கால் முடக்கில் நான் கேட்டது அதே வழக்கு.

சலித்துப்போன மாயோ கிளினிக் மருத்துவர் டேவிட் கால்ம்ஸ், 2012-ல் ஒரு தலையங்கமே எழுதினார். இந்தக் கணக்குகள் எங்களைத் தெளிவாக்குவதற்குப் பதில் குழப்புகின்றன என்பது அவர் ஆற்றாமை. நோயாளிக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவரின் கோபம் அது, நியாயமானது. 2014-ல் மெங் தன் கட்சியை விட்டுக்கொடுக்காமலே மற்றதற்கும் இடம் கொடுத்தார். இரண்டும் நடக்கலாம், அனியூரிசத்திலேயே இரண்டு வகை இருக்கலாம் என்றார். மோதி மோதி மெலிந்துபோகும் சுவர் ஒரு வகை. தேங்கித் தேங்கி அழற்சியில் தடித்து நைந்துபோகும் சுவர் இன்னொரு வகை. அதே வருடம் வாலன்-செண்ட்ஸ்டாட், ஸ்டைன்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பலர் நேரத்தை மிச்சப்படுத்தப் பெரிய துண்டுகளாக வெட்டி ஓட்டுவதால் ஓட்டத்தின் நுணுக்கமான நடுக்கங்களைக் கணினி விழுங்கிவிடுகிறது என்று காட்டினார்கள். ஒரே நோயாளியின் படங்களைப் பல நாட்டுக் குழுக்களுக்குக் கொடுத்து ஓட்டச் சொன்ன போட்டிகளிலும், குழாயின் ஓரத்தை வரைவதிலேயே கை ஒன்றுபடவில்லை என்பது தெரிந்தது.

இதயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இதயத் தமனி அடைப்பு எவ்வளவு கெடுதலானது என்று சி.டி. படத்தை வைத்தே கணக்கிடும் ஹார்ட்ஃப்ளோ முறைக்கு அமெரிக்க அரசு 2014-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. அங்கே மெல்லிய கம்பியைத் தமனிக்குள் விட்டு அழுத்தத்தை நேரடியாக அளக்க முடியும். கணக்கு சரியா தப்பா என்று ஒப்பிட்டுப் பார்க்க உரைகல் கையில் இருந்தது. மூளையில் வெடிப்பதுதான் உரைகல். வெடிக்கும்வரை காத்திருந்து பார்ப்பது யாரால் முடியும்?

ஆகவே அத்தையின் கேள்விக்கு இன்றைய கணினி நேரான பதில் சொல்லாது. சொல்லும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். இதை எழுதுகிறபோது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் பின்னிய வலை

ஆனால் வெடிக்குமா என்பது மட்டுமே கேள்வி அல்ல. வெடிக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதில் இந்தக் கணக்கு இப்போதே உழைக்கிறது.

1937-ல் அமெரிக்காவின் வால்டர் டாண்டி, மண்டையைத் திறந்து அனியூரிசத்தின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் மாட்டினார். 1990-ல் குக்லியெல்மி என்ற மருத்துவரின் முறை வந்தது. தொடையிலிருந்து நுழைந்து புடைப்புக்குள் மெல்லிய பிளாட்டினச் சுருளை நிரப்புவது. மூன்றாவது வழி புடைப்பைத் தொடுவதே இல்லை. தமனிக்குள், புடைப்பின் வாய்க்குக் குறுக்கே, நெருக்கமாகப் பின்னிய ஒரு கம்பி வலைக் குழாயை வைத்துவிடுவார்கள். இதற்கு ஃப்ளோ டைவர்ட்டர் என்று பெயர். ஓட்டத்தைத் திருப்பிவிடுவது. 2011-ல் அமெரிக்கா அனுமதித்த பைப்லைன் என்ற வலையில் தலைமுடியைவிட மெல்லிய 48 இழைகள். சுவரில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அது மூடுகிறது. மீதி இடைவெளிதான். ஆனாலும் புடைப்புக்குள் போகும் ரத்தம் வேகம் குறைந்து, தேங்கி, மாதக்கணக்கில் மெல்ல உறைந்து, வலைமீது புதுத் தோல் படர்ந்து வாய் மூடிவிடுகிறது. மடையில் பலகை போடாமல், தென்னை ஓலைத் தட்டியைக் குறுக்கே வைத்து ஓட்டத்தைத் தணிப்பார்களே, அதே யோசனை.

இந்தச் சிகிச்சையின் உயிரே ஓட்டக் கணக்குதான். வலை நெருக்கமானால் புடைப்பு சீக்கிரம் அடைபடும். ஆனால் அருகில் மூளைக்குப் பாயும் நல்ல கிளைகளின் வாயும் அடைபடலாம். எவ்வளவு நெருக்கம், எந்தக் கோணத்தில் பின்னல், வளைவில் வைத்தால் இழைகள் எங்கே விலகும் என்பதையெல்லாம் முதலில் கணினியில் ஓட்டிப் பார்க்க முடியும். பைப்லைனின் முதல் பெரிய ஆய்வில், ஆறு மாதத்தில் நான்கில் மூன்று பேருக்குப் புடைப்பு அடைபட்டது. அடைபடாத அந்த நான்காவது ஆள் யார் என்று வலையை வைப்பதற்கு முன்பே சொல்ல முடியுமா என்பதில்தான் இப்போது பல ஆய்வுக்கூடங்கள் முனைந்திருக்கின்றன.

இந்த வலையை இறக்குமதி செய்ய 2020 வாக்கில் ஏழெட்டு லட்சம் ரூபாய் ஆனது. எல்லையோரத்துத் தோட்டக்காரர் ஒருவர் அரை ஏக்கரை விற்க வேண்டிய பணம். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகத்தோடு சேர்ந்து உள்நாட்டிலேயே ஒன்றை உருவாக்கியது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்ற உலோகம். வளைத்தாலும் நசுக்கினாலும் பழைய வடிவத்தை நினைவில் வைத்துத் திரும்பும். விமானத் துறைக்காகக் கற்ற கைவேலை தமனிக்கு வந்தது. 2020-ல் தொழில்நுட்பத்தைப் புனேயின் பயோராட் மெடிசிஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். 1990-ல் இதய வால்வை இங்கேயே செய்து காட்டிய அதே நிறுவனம்தான் இது; சுருக்கமாகச் சித்ரா. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசுகிறவர்களுக்கும் அது ‘நம்ம சித்ரா’தான்.

நிமிடக் கணக்கு

அனியூரிசத்தைவிடப் பலமடங்கு அதிகம் பேரைத் தாக்குவது அடைப்பினால் வரும் பக்கவாதம். அங்கே படத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுவது ஏற்கெனவே வழக்கத்துக்கு வந்துவிட்டது. மருந்து மூளைக்குள் நுழைந்து வெளியேறும்வரை ஒரு நிமிடம் போலத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறார்கள். எந்தப் பகுதிக்கு எத்தனை நொடி தாமதமாக மருந்து போய்ச் சேர்ந்தது என்று கணினி சில நிமிடங்களில் வரைந்துவிடும். வழக்கமான ஓட்டத்தில் 30 சதவீதத்துக்கும் கீழே போன பகுதி இறந்துவிட்டது என்று கொள்கிறார்கள். ஆறு நொடிக்கு மேல் தாமதமாகும் பகுதி வாடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் விட்டால் துளிர்க்கும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே கெடு என்று இருந்தது. 2018-ல் வந்த டான், டிஃப்யூஸ் 3 என்ற இரண்டு ஆய்வுகள், இப்படி அளந்து, வாடும் பகுதி மிச்சமிருப்பவர்களுக்கு 16 முதல் 24 மணி நேரம் வரைகூட தமனிக்குள் குழாய் விட்டு அடைப்பை எடுக்கலாம் என்று நிரூபித்தன. இரவில் நன்றாகப் படுத்து, காலையில் வாய் கோணி எழுந்தவருக்கும் வழி பிறந்தது.

அதற்காகத் தாமதிக்கலாம் என்று பொருளில்லை. பெரிய தமனி அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன. மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒருவருக்குக் கை விழுந்தால், போடிமெட்டு வழியாகத் தேனிக்கு இறங்குவதா, அடிமாலி வழியாகக் கோதமங்கலம் பக்கம் போவதா என்று யோசிக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. கேரளத்தில் ‘சிரஸ்’ திட்டத்தில் மாவட்ட மருத்துவமனைகளிலேயே பக்கவாதப் பிரிவுகள் திறக்கப்பட்டிருக்கின்றன. கோபாலபுரத்துக்காரர்களின் கால் பழக்கத்தால் பொள்ளாச்சி, கோவை என்றே திரும்பும். இரண்டு பக்கமும் 108 உண்டு. காப்பீட்டு அட்டை மட்டும் கேரளத்தில் காருண்யா, தமிழ்நாட்டில் முதலமைச்சர் திட்டம். எந்தப் பக்கம் ஸ்கேனும் ஊசியும் இரவிலும் தயாராக இருக்கும் என்பதை, நன்றாக இருக்கும் நாளிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் விசாரித்து வாங்க வேண்டும். அத்தையின் முதல் படத்தை எடுத்த இடத்தில் பெரிய கறுப்பு ஃபிலிமும் இரண்டு பக்க ரிப்போர்ட்டும் கொடுத்தார்கள். மஞ்சப்பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி இன்னொரு ஊர் மருத்துவரிடம் போனோம். அவர் ஃபிலிமை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டு, “படம் பதிந்த சிடி இல்லையா?” என்றார். ஃபிலிமில் அச்சாவது தேர்ந்தெடுத்த சில துண்டுகள்; அதில் எண்கள் கிடையாது. அளக்க முடியாது, திருப்பிப் பார்க்க முடியாது, கணினியில் ஓட்டவும் முடியாது. எடுத்த இடத்துக்குத் திரும்பிப் போய்க் கேட்டால், பழைய டேட்டாவை அழித்துவிட்டோம் என்றார்கள். மறுபடி ஊசி, மறுபடி அந்தச் சூடு, மறுபடி பணம். நம்மைப் படம் எடுத்தால் படத்தின் எண்களும் நமக்குச் சொந்தம். மெல்லிய துண்டுகள் உள்ள முழுக் கோப்பையும் சிடியிலோ பென்டிரைவிலோ போட்டுத் தரச் சொல்லிக் கையோடு வாங்குங்கள்.

கணக்குப் போட ஆளும் இயந்திரமும் தொலைவில் இல்லை. 2015-ல் பாலக்காடு ஐ.ஐ.டி. முதன்முதலில் நடந்த இடம் கோழிப்பாறை. கோபாலபுரத்துக்காரர்கள் கல்யாணத்துக்குப் போய்வரும் தூரம்தான். இப்போது கஞ்சிக்கோட்டில் சொந்த வளாகத்தில் இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிய பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் போடும். மருத்துவமனையில் படம் கிடக்கிறது, கல்லூரியில் கணக்கு கிடக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். பெயரை நீக்கிவிட்டு, நோயாளியின் சம்மதத்தோடு, நம் ஊர்த் தலைகளின் படங்கள் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் அந்த அட்டவணையில் நமக்கும் ஒரு கட்டம் விழும். அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்றெல்லாம் அத்தை கேட்பதில்லை. யாருக்காவது ஆகட்டும், என்னுதையும் எடுத்துக்கச் சொல்லு என்றுதான் சொன்னார்.

இரண்டாவது படத்திலும் அதே ஐந்து மில்லிமீட்டர். வளரவில்லை. ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போடச் சொல்லி, அடுத்த படத்துக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை சிடி வாங்கியாயிற்று. பீரோவில் பத்திரத்தோடும் பட்டாவோடும் ஒரே பையில் வைத்திருக்கிறார் அத்தை. மேலே தேதியும் எழுதியிருக்கிறது, தமிழில்.